மொட்டைத் தென்னை

எங்கள் வளவின் மேற்கு வேலியோரம் நின்ற தென்னைக்கு 2011 ஆம் ஆண்டு இடி விழுந்தது. அஸருக்குப் பின் தொடங்கிய மழை. மின்னலும் முழக்கமும் ஒன்றாகவே வந்தன. மறுநாள் பார்த்தால் மரத்துக்கு ஒன்றும் நடந்ததாகத் தெரியவில்லை. இரண்டு மூன்று கிழமைக்குள் ஓலைகள் ஒவ்வொன்றாகப் பழுத்துத் தொங்கின. குரும்பட்டி உதிர்ந்தது. குருத்து அழுகி, ஒரு நாள் இரவு மண்டை முழுவதுமாகச் சரிந்து விழுந்தது. பிறகு முப்பது முப்பத்தைந்து அடி உயரத்தில் ஒரு மொட்டைத் தூண் மட்டும் நின்றது.

அப்போதே வெட்டியிருக்கலாம். வெட்டாததற்கு நான் சொல்லக்கூடிய நல்ல காரணம் எதுவுமில்லை. பள்ளிக்கூடம், பிள்ளைகளின் படிப்பு, கூலிக்கு ஆள் கிடைக்காமை என்று நாள் போனது. அடுத்த வருடம் அந்த மொட்டைக்கு மரங்கொத்தி வந்தது.

உம்மாதான் முதலில் கண்டவர். ஸுபஹ் தொழுதுவிட்டு முஸல்லாவிலேயே இருந்து தஸ்பீஹ் உருட்டுகிற நேரம், மேற்கிலிருந்து தட்டுகிற சத்தம் கேட்டிருக்கிறது. நான் எழும்பி வரும்போது வாசற்படியில் நின்று கொண்டிருந்தார்.

"மகன், ஹுத்ஹுத் வந்திரிக்கி."

எங்கள் வீட்டில் மரங்கொத்திக்குப் பெயர் ஹுத்ஹுத்தான். மன்னாரில், தீவுப் பக்கத்து எங்கள் ஊரில், வாப்பா எங்களுக்குச் சொல்லித் தந்த பெயர் அது. சுலைமான் நபிக்கு ஸபா நாட்டு அரசியின் சேதியைக் கொண்டு வந்த குருவி. எறும்பு, தேனீ ஆகியவற்றோடு சேர்த்துக் கொல்லக் கூடாதென்று ரஸூலுல்லாஹ் தடுத்த நான்கு உயிர்களில் ஒன்று. கெட்டப்போல் கட்டிக்கொண்டு திரிந்த வயது எங்களுக்கு. நானும் நானாவும் மைனா, புறா, ஓணான் எதையும் விட்டதில்லை. ஆனால் பனையில் ஒட்டிக்கொண்டு தட்டுகிற அந்தக் குருவியைக் கண்டால் கெட்டப்போலைச் சாரத்துக்குள் ஒளித்துவிடுவோம். அது போய் எந்த நபியிடம் என்ன சேதி சொல்லுமோ என்ற பயம்.

அந்த ஊர்க் குருவிக்கு முதுகு பொன்னிறம். மத்தியான வெயிலில் பனைக்குப் பனை பறக்கும்போது யாரோ மஞ்சள் துணியை வீசியெறிந்தது போலிருக்கும்.

1990 ஒக்டோபரில் நாங்கள் வெளியேற்றப்பட்டோம். வள்ளத்தில் கற்பிட்டிக்கு வந்து இறங்கினோம். கிடுகுக் கொட்டிலில் சில வருடங்கள் இருந்து, பிறகு புத்தளம் பக்கமாக, துண்டு போட்டு விற்ற ஒரு தென்னந்தோட்டத்தில் இருபது பேர்ச் வாங்கி வீடு கட்டினோம். அந்தக் கதையை எங்கள் ஆட்கள் நிறைய எழுதிவிட்டார்கள். வளவுக்குள் ஏழு தென்னைகள் நின்றன என்பது மட்டும் இங்கே போதும். ஊரில் எங்களுக்கு இருந்தது பனை. தென்னையோடு பழக வாப்பாவுக்குக் கொஞ்ச நாள் எடுத்தது. 2004 இல் வாப்பா மௌத்தானார்.

எனக்குப் பறவைகளில் பித்துப் பிடித்தது அதற்கும் வெகு காலத்துக்குப் பிறகு. கட்டாரிலிருந்து வந்த மருமகன் ஒரு பைனாகுலர் கொண்டு வந்து தந்தான். எதற்கென்று அவனுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. பழைய புத்தகக் கடையொன்றில் ஜி.எம். ஹென்றி இலங்கைப் பறவைகளைப் பற்றி எழுதி 1955 இல் வெளிவந்த நூலின் ஒரு பிரதி அகப்பட்டது. படங்களும் அவர் வரைந்தவை. அட்டை கிழிந்திருந்தது. அதை வைத்துக்கொண்டு கிணற்றடியில் கதிரை போட்டு இருந்துவிடுவேன். ஐம்பது வயது வாத்தியார் தென்னையைப் பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டு தெருவால் போகிறவர்கள் சிரித்தது உண்டு.

எங்கள் வளவுக்கு வருவது ஒரு மரங்கொத்தி அல்ல, மூன்று வகை என்று கண்டுபிடிக்க எனக்கு இரண்டு மாதம் பிடித்தது. பட்டுப்போன முருங்கைக் கொப்பில் சிட்டுக்குருவி அளவில் ஒன்று ஓசையில்லாமல் ஊர்ந்து திரியும். தவிட்டு நிறத் தலை, கண்ணுக்கு மேல் வெள்ளைக் கோடு. அதுதான் சின்ன மரங்கொத்தி. அது மரங்கொத்தி என்றே பலருக்குத் தெரியாது. இன்னொன்று அதைவிடக் கொஞ்சம் பெரிது. கறுப்பில் வெள்ளைப் பொட்டுப் பொட்டாக முதுகு, நெற்றியில் மஞ்சள் பூசியது போலிருக்கும். வேம்புக்கு எப்போதாவது வரும். வரண்ட பிரதேசத்துப் பறவை.

மூன்றாவதுதான் மொட்டைத் தென்னைக்காரர். மைனாவை விடப் பெரிது. கிளி கத்துவது போலத் தொடங்கிக் குதிரை கனைப்பது போல முடிகிற சிரிப்பு. முதுகு இரத்தச் சிவப்பு. தலை முழுவதும் சிவப்புக் கொண்டை என்றால் ஆண். நெற்றிப் பக்கம் கறுப்பில் வெள்ளைப் புள்ளியும் பின்பக்கம் மட்டும் சிவப்பும் என்றால் பெண். இதே சிவப்பு முதுகோடு இதைவிடப் பெரிய இனமொன்று ஈரவலயக் காடுகளில் உண்டு. அதன் அலகு தந்தம் போல் வெளிறியது. இதற்குக் கறுத்த அலகு. அலகைப் பார்த்தால் போதும், குழப்பம் தீர்ந்துவிடும். சிங்களத்தில் இவற்றைக் கேரலா என்கிறார்கள்.

வாலைப் பார்க்க வேண்டும். நாங்கள் மரமேறும்போது காலில் தளைநார் போடுகிறோம் அல்லவா, அதற்கு வால்தான் தளைநார். விறைத்த வாலிறகை மரத்தில் ஊன்றி, காலும் வாலுமாக முக்காலி போட்டு இருந்துதான் கொத்தும். தொங்கித் தொங்கி மேலே ஏறும். இறங்கும்போதும் தலை மேலேதான், பின்பக்கமாக வழுக்கி வரும்.

அவ்வளவு வேகமாகக் கொத்தியும் மூளை கலங்காதிருப்பதற்கு மண்டையோட்டில் பஞ்சு மாதிரி எலும்பு இருப்பதுதான் காரணமென்று நான் வகுப்பில் பல வருடம் படிப்பித்திருக்கிறேன். பாடப் புத்தகத்திலில்லாத விஷயம் சொல்லித் தருகிறேன் என்ற பெருமை வேறு. 2022 இல் பெல்ஜிய ஆய்வாளர்கள் கொத்தும் பறவைகளை வேகக் கமராவில் பிடித்து அளந்து பார்த்து, அப்படியொரு பஞ்சு வேலையே இல்லை என்று எழுதினார்கள். தலை சுத்தியல் போல் இறுகியேதான் இருக்கிறதாம். அதிர்ச்சியை உறிஞ்சினால் கொத்துகிற பலமும் அல்லவா வீணாகும்? மூளை சின்னதாக இருப்பதால் அதற்குத் தாங்குகிறது. என்னிடம் படித்த பிள்ளைகள் இப்போது எங்கெங்கோ இருக்கிறார்கள். யாரைத் தேடிப் போய்த் திருத்துவது?

ஆனால் 2013 இல் எனக்கு மற்றவர்களைத் திருத்துகிற ஆசை பொங்கிக்கொண்டிருந்தது. ஹென்றியின் நூலில் ஹுத்ஹுத்தைக் கண்டுவிட்டேன். தமிழில் கொண்டலாத்தி. விசிறி மாதிரி விரிகிற கொண்டை, நீண்டு வளைந்த அலகு, இறக்கையில் கறுப்பு வெள்ளைப் பட்டி. மரத்தைக் கொத்தாது. தரையில் நடந்து, மண்ணுக்குள் அலகை விட்டுப் புழு எடுக்கும். அதன் குரலே அரபியில் அதன் பெயர். எங்கள் தமிழில் எந்தக் காலத்திலோ யாரோ ஹுத்ஹுத்தை மரங்கொத்தி என்று சொல்லிவிட, அது பயானிலும் பிள்ளைகளுக்கான நபிமார் கதைகளிலும் அப்படியே நின்றுவிட்டது. கொத்துகிற அலகும் கொண்டையும் இரண்டுக்கும் இருப்பதால் வந்த மயக்கமாக இருக்கலாம்.

அந்த நேரத்தில்தான் பக்கத்து வீட்டு நானாவுக்கு மொட்டைத் தென்னை பிரச்சினையானது. அவருடைய குசினி அந்த வேலியோடு ஒட்டியது. மகளுக்குக் குழந்தை பிறந்து, தொட்டிலைக் குசினிப் பக்கத்து அறையில்தான் கட்டியிருந்தார்கள். பட்ட தென்னை எப்போது முறியுமென்று யாருக்குத் தெரியும்? மரத்தில் துளை விழுந்திருப்பதையும் அவர் கண்டிருந்தார். அவர் கேட்டது நூற்றுக்கு நூறு நியாயம். இரண்டு தரம் வந்து கேட்டார். இரண்டு தரமும் உம்மா, "அதில ஹுத்ஹுத் குடியிரிக்கி தம்பி. குஞ்சு பறக்கட்டும், பொறகு பாப்பம்" என்றார். அந்தப் பெயரைக் கேட்டதும் நானாவுக்கு மேற்கொண்டு கதை வரவில்லை. தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவிவிட்டுப் போய்விட்டார்.

மூன்றாம் தரம் வந்தபோது நான் வீட்டில் இருந்தேன். உம்மா அதையே சொல்லத் தொடங்க, நான் குறுக்கிட்டேன்.

"உம்மா, அது ஹுத்ஹுத் இல்ல. ஹுத்ஹுத் வேற குருவி. இது சும்மா மரங்கொத்தி."

அதோடு விடவில்லை. உள்ளே போய்ப் புத்தகத்தை எடுத்து வந்து, வேலிக்கு மேலால் நானாவுக்குப் படத்தைக் காட்டினேன். அலகைக் காட்டினேன், கொண்டையைக் காட்டினேன். எத்தனை வருடமாக எங்கள் ஆட்கள் பிழையாகச் சொல்லி வருகிறார்கள் என்று ஒரு சின்னப் பிரசங்கமும் செய்தேன். நானா ஆர்வமாகக் கேட்டார். "அப்படியா மாஸ்டர், நாங்க இவ்வளவு காலம் இதெண்டுதானே நெனச்சிருந்தம்" என்றார். உம்மா ஒன்றும் பேசவில்லை. முந்தானையைத் தலைக்கு இழுத்துக்கொண்டு உள்ளே போனார்.

அந்த வாரம் முழுவதும் தென்னையில் சத்தம் மாறியிருந்ததை நான் கவனித்தேன். கொத்துகிற ஓசை நின்று, ஆணும் பெண்ணும் மாறி மாறி வந்து துளைக்குள் தலையை விட்டுவிட்டுப் போயின. உள்ளே குஞ்சு பொரித்துவிட்டதென்று எனக்குத் தெரியும். முட்டை பொரிக்கப் பதினொரு நாள் அளவில், குஞ்சு வெளியேற இன்னும் இருபது நாள் அளவில் என்பதும் தெரியும். கொப்பியில் திகதி போட்டு எழுதி வைத்திருந்தேன். வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. நானாவிடமும் சொல்லவில்லை. சொல்ல வேண்டுமென்று தோன்றவே இல்லை.

அடுத்த செவ்வாய்க்கிழமை பாடசாலை விட்டு வரும்போது தெருவிலேயே மரத்தூள் வாசம் வந்தது. மொட்டைத் தென்னை வளவின் குறுக்கே கிடந்தது. ஆளை வைத்துக் கயிறு கட்டிச் சரித்து, எங்கள் பக்கமாகவே விழுத்தியிருந்தார்கள். வேலியில் ஒரு கிடுகு கூடச் சேதமில்லை. நல்ல வேலைக்காரன். விழுந்த வேகத்தில் துளை இருந்த இடத்தில் மரம் பிளந்திருந்தது. உள்ளே இரண்டு குஞ்சு செத்துக் கிடந்தன. மூன்றாவது அசைந்தது. இறகு முளைக்கவில்லை. கண் திறக்கவில்லை. அலகு மட்டும் பெரிதாக இருந்தது. பழந்துணி வைத்த பெட்டியில் போட்டு, முசிறுக் கூட்டைப் பிய்த்து முட்டை எடுத்து ஈர்க்குச்சியால் ஊட்டிப் பார்த்தேன். கையெல்லாம் கடி. ஒன்றிரண்டு தரம் வாயைத் திறந்தது. ஸுபஹ் பாங்கு சொல்லும்போது பார்த்தேன், விறைத்திருந்தது.

ஆண் பறவை இரண்டு நாள் வந்தது. பக்கத்துத் தென்னையில் ஒட்டிக்கொண்டு, மொட்டை நின்ற வெறும் இடத்தைப் பார்த்துக் கத்தியது. அப்படிப் பார்த்துத்தான் கத்தியதா என்று என்னால் அடித்துச் சொல்ல முடியாது. எனக்கு அப்படித்தான் தெரிந்தது.

உம்மா சம்மதித்துத்தான் வெட்டியிருக்கிறார்கள். நானா காலையில் வந்து, "ராத்தா, வெட்டட்டா?" என்று கேட்க, உம்மா "வெட்டுங்க தம்பி" என்றிருக்கிறார். எனக்கு ஆத்திரம் வந்தது. ஏன் உம்மா விட்டீர்கள் என்று கேட்டேன்.

"நீதானே அவருக்கு முன்னால சொன்னாய், சும்மா மரங்கொத்தியெண்டு. அதுக்குப் பொறகு நான் எதைச் சொல்லி மறிக்கிற? பச்சப்புள்ள கிடக்கிற வீடு அது."

கொஞ்ச நேரம் கழித்து, அந்தப் புத்தகத்தைக் கொண்டு வரச் சொன்னார். மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஹுத்ஹுத்தின் படத்தை வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தார்.

"இது எனக்குத் தெரியும். நம்மட ஊரில பள்ளிக்குப் பின்னால புல்லுத் தரையில நடந்து திரியும். உங்கட வாப்பாவுக்கும் தெரியும்."

எனக்கு விளங்கவில்லை.

"நீயும் நானாவும் கெட்டப்போலோட திரிஞ்ச காலம். ஒரு நாள் உங்கட நானா ஒரு மஞ்சள் மரங்கொத்திய அடிச்சிப் போட்டான். அது வாசல்ல கிடந்து துடிச்சிச்சி. நீ சின்னப்புள்ள, உனக்கு நெனவிருக்காது. வாப்பா அடிக்கல்ல, ஏசல்ல. இது ஹுத்ஹுத் எண்டார். அதோட முடிஞ்சிது. நான் கேட்டேன், ஏன் பொய் சொல்லுறீங்க எண்டு. ஆக்களும் அப்படித்தானே சொல்லுறாங்க, இருந்திட்டுப் போகட்டும் எண்டார்."

பொய்யென்று வாப்பாவைச் சொல்ல எனக்கு இன்றும் மனமில்லை. சரியென்றும் சொல்ல முடியவில்லை. குர்ஆனில் வருகிற ஒரு பெயரை அதற்குரியதல்லாத பறவைக்கு, தெரிந்துகொண்டே வைத்தார். நான் சரியான பெயரைச் சரியான பறவைக்கு வைத்தேன். இரண்டு பேருடைய கணக்கையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க எனக்குக் கூச்சமாக இருக்கிறது. ஒன்று மட்டும் தெரியும். அந்தக் கொப்பியிலிருந்த திகதியை நானாவிடம் சொல்லியிருந்தால் அவர் பொறுத்திருப்பார். அவர் அப்படிப்பட்ட மனிதர்.

அவரிடம் பிறகு சொன்னேன். அவர் முகம் கறுத்துவிட்டது. "ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே மாஸ்டர்" என்றார். தொட்டிலில் கிடந்த பேத்தியைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு வேலியோரம் கொஞ்ச நேரம் நின்றார்.

2015 இல் இன்னொரு தென்னை நோயில் விழுந்தது. இது செந்நிறக் கூன்வண்டு. தண்டில் துளை விழுந்து கபில நிறச் சாறு வடிந்தது. காதை வைத்தால் உள்ளே புழு அரிக்கிற சத்தம் கேட்டது. மரங்கொத்தி கொத்தித்தான் தென்னை சாகிறதென்று எங்கள் பகுதியில் இன்னும் பலர் நம்புகிறார்கள். அது தேடுவது எறும்பையும் புழுவையும். கூடு குடைவதென்றாலும் உக்கி மெதுவான இடத்தைத்தான் பார்க்கும். அது விடாமல் ஒரே மரத்தைத் தட்டினால் கோபிப்பதை விட்டு, அந்த மரத்தைப் போய்ப் பார்ப்பது நல்லது. எங்களுக்குத்தான் பிந்திவிட்டது.

இந்த முறை நானாவும் நானும் ஆளைக் கூட்டி வந்து, மரத்தை முழுவதும் சரிக்காமல் பன்னிரண்டு அடியில் தறித்தோம். வண்டு மற்ற மரங்களுக்குப் பரவாதிருக்க, வெட்டிய மேல் துண்டுகளைப் பிளந்து எரித்தோம். நின்ற அடியில் புழு இல்லையென்று பார்த்த பிறகே விட்டோம். பன்னிரண்டு அடிக் கட்டை முறிந்து விழுந்தாலும் எங்கள் வளவுக்குள்தான் விழும். இரண்டு வருடம் ஒன்றும் வரவில்லை. கட்டை மழையில் நனைந்து உக்கத் தொடங்கிய பிறகு, 2018 மார்ச்சில் ஒரு சோடி வந்தது.

அந்தச் சோடியில் பெண் சிவப்பு. ஆணின் முதுகு சிவப்புமில்லை, மஞ்சளுமில்லை, செம்மஞ்சள். வெயிலுக்கு ஒரு மாதிரி, நிழலுக்கு ஒரு மாதிரி. முதலில் என் கண்ணில்தான் பிழையென்று நினைத்தேன். 2016 இல் கொழும்புப் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் கனடாவைச் சேர்ந்தவர்களும் சேர்ந்து வெளியிட்ட ஆய்வொன்றைப் பற்றிப் பிறகு அறிந்தேன். தெற்கத்திச் செம்முதுகு இலங்கைக்கு மட்டும் உரிய தனி இனம். வடக்கில் இருப்பது இந்தியாவிலும் உள்ள பொன்முதுகு இனம். இரண்டும் சந்திக்கிற இடைப்பட்ட நிலத்தில் கலந்து குஞ்சு பொரிக்கின்றன, அங்கே செம்மஞ்சள் முதுகுகள் தோன்றுகின்றன என்று அதில் காட்டியிருந்தார்கள்.

உம்மாவைக் கதிரையில் இருத்தி அந்த ஆணைக் காட்டினேன். பைனாகுலர் அவருக்குப் பிடிபடாது. வெறும் கண்ணாலேயே நீண்ட நேரம் பார்த்தார். "நம்மட ஊர்க்காரன் சாயல் கொஞ்சம் இரிக்கி" என்றார். இதை ஒரு உவமானமாக்கி மேடையில் பேச எனக்கு அழைப்புகூட வந்தது. போகவில்லை. பறவைக்கு அகதி முகாமும் தெரியாது, பதிவு அட்டையும் தெரியாது.

அந்த வருடம் குஞ்சுகள் பறந்தன. எத்தனை என்று எண்ணக் கிடைக்கவில்லை. ஒன்றை மட்டும் கண்டேன். துளையிலிருந்து தலையை நீட்டி, ஒரு நாள் முழுவதும் யோசித்துவிட்டுப் போனது. அவை விட்டுப்போன துளையில் மைனா குடியேறியது. உம்மா 2019 இல் மௌத்தானார், நோன்பு மாதத்தில்.

அவற்றோடு இருப்பதிலும் கரைச்சல் உண்டு. குசினித் தகரத்தில் விடிகாலை ஏறித் தட்டினால் நோயாளியும் எழும்பி ஓடுவார். என் மோட்டார் சைக்கிள் கண்ணாடியில் தன் உருவத்தைக் கண்டு, எதிரி என்று நினைத்துக் கொத்திக் கீறிவிட்டது ஒன்று. இப்போது நிறுத்தியவுடன் கண்ணாடிக்குச் சீலைப்பை போட்டுக் கட்டுகிறேன். முருங்கையில் பட்ட கொப்பை முறிக்க வேண்டாமென்று வீட்டில் சொல்லி வைத்திருக்கிறேன். மனைவி கேட்பதில்லை. விறகுக்கு முறிக்கிறாள்.

நானாவின் பேத்திக்கு இப்போது பன்னிரண்டு வயது தாண்டிவிட்டது. குருவிகளின் பெயரெல்லாம் என்னிடம் கேட்டு எழுதி வைத்திருக்கிறாள். செம்முதுகு மரங்கொத்தி என்றும் கொண்டலாத்தி என்றும் பிரித்துச் சொல்வாள். நானா மட்டும் பழைய பெயரை விடவில்லை. போன மாதம் லுஹருக்குப் போக வுளு செய்துகொண்டிருந்தேன். வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது.

"மாஸ்டர், உங்கட ஹுத்ஹுத் கட்டையில கிழக்குப் பக்கமா புதுத் துளை போடுது. திகதியக் குறிச்சி வைங்க. எனக்கும் சொல்லுங்க."